தாவீதின் சிங்காசனம் யாருடையது?

நெல்லைவாசகி

சமீபத்தில் ஒரு சபையில் கேட்ட பிரசங்கத்திலிருந்து தொடங்குகிறேன். சபைக் கணக்கைப் பற்றிச் சிலர் கேள்வி எழுப்பியிருந்தார்கள். அதை மனதில் வைத்துத்தான் பிரசங்கம் செய்தவர் பேசினார் என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. பழைய ஏற்பாட்டின் ராஜா கர்த்தரின் குமாரன், கர்த்தரின் சிங்காசனத்தில் உட்காருகிறவர், அவரைக் கேள்வி கேட்பது கர்த்தரையே கேட்பதாகும் என்றார். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்ற வசனத்தையும் எடுத்துக்காட்டினார். முதல் ராஜா சவுல் அவ்வளவு கெட்டவனாக இருந்தும் தாவீது அவன்மேல் கைபோடவில்லையே என்றும் சொன்னார்.

சங்கீதம் 2இல் கர்த்தர் ராஜாவைப் பார்த்து, "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்கிறார். 1 சாமுவேல் 8இல் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டபோது, "என்னைத்தான் தள்ளினார்கள்" என்று வருத்தப்படுகிறார். அப்படியானால் பழைய இஸ்ரவேலில் ராஜாவைத் தெய்வமாகப் பார்த்தார்களா, சட்டத்துக்குக் கீழ்ப்பட்ட மனுஷனாகப் பார்த்தார்களா? வேதத்தை விசுவாசத்தோடு படிக்கிறவர்களும் எழுதுங்கள், வரலாறாகப் படிக்கிறவர்களும் எழுதுங்கள்.

கேதுரு

மனுஷனாகத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில், ராஜாக்கள் வருமுன் இஸ்ரவேலை வழிநடத்திய கிதியோன். மீதியானியரை முறியடித்த பிறகு ஜனங்களே வந்து, "நீரும் உம்முடைய மகனும் பேரனும் எங்களை ஆளுங்கள்" என்கிறார்கள். பரம்பரை ஆட்சி தானாகத் தேடி வருகிறது. அவர் மறுக்கிறார்: நான் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே உங்களை ஆளுவார். மகன் அபிமெலேக்கு அதே பதவிக்கு ஆசைப்பட்டுத் தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் வைத்துக் கொன்றுபோடுகிறான். தப்பித்த கடைசித் தம்பி யோதாம் மலையுச்சியில் நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ராஜா தேடுகின்றன. ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி மூன்றும் மறுத்துவிடுகின்றன. கடைசியில் ஒத்துக்கொள்வது முட்செடி. அரசாட்சியைப் பற்றி இவ்வளவு கடுமையான கதையைத் தன் புனித நூலுக்குள் வைத்துக் காப்பாற்றிய சமூகம், அரசனைத் தெய்வம் என்று நம்பியிருக்குமா?

அப்புறம், ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி சாமுவேல் கொடுக்கும் எச்சரிக்கை. உங்கள் மகன்களை ரதங்களுக்கு எடுப்பான், மகள்களைத் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுப்பான், நல்ல வயல்களையும் ஒலிவத் தோப்புகளையும் எடுத்துத் தன் ஊழியருக்குக் கொடுப்பான், தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒரு பங்கு வாங்குவான், நீங்கள் அவனுக்கு அடிமைகளாவீர்கள். அந்தப் பத்தியில் திரும்பத் திரும்ப வருவது "எடுப்பான்" என்பதுதான்.

உபாகமம் 17 ராஜாவுக்குப் போடும் கட்டுப்பாடுகளையும் பாருங்கள். குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் சேர்க்காதே, நியாயப்பிரமாணத்தைப் பிரதி எழுதி வைத்துத் தினமும் வாசி, உன் சகோதரருக்கு மேலாக உன்னை உயர்த்தாதே. தெய்வத்துக்கு யாரும் இப்படி நிபந்தனை போடுவதில்லை.

களிமண்பலகை

கேதுரு, நீங்கள் எடுத்த பகுதிகள் எல்லாம் அரசனுக்கு வெளியே நின்று பேசுகிறவர்களின் குரல். அரண்மனையிலும் ஆலயத்திலும் என்ன பாடினார்கள் என்று பாருங்கள்.

சங்கீதம் 110இல் ராஜா கர்த்தரின் வலதுபக்கத்தில் உட்காருகிறார், என்றென்றைக்கும் ஆசாரியர் என்றும் அழைக்கப்படுகிறார். சங்கீதம் 45 ஒரு ராஜாவின் கல்யாணப் பாட்டு. அதில் மணமகனைப் பார்த்தே, "தேவனே, உமது சிங்காசனம் என்றென்றைக்குமுள்ளது" என்று வருகிறது. 1 நாளாகமம் 29இல் சாலொமோன் கர்த்தருடைய சிங்காசனத்தில் உட்கார்ந்தான் என்றே எழுதியிருக்கிறது. அதே அதிகாரத்தில் சபையார் எல்லோரும் கர்த்தரையும் ராஜாவையும் பணிந்துகொண்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது.

கட்டடத்தையும் கவனியுங்கள். சாலொமோன் ஆலயத்தைக் கட்ட ஏழு வருஷம், தன் அரண்மனையைக் கட்டப் பதின்மூன்று வருஷம். இரண்டும் ஒட்டி நின்றன. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது, தங்கள் வாசற்படியை என் வாசற்படிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள் என்று கர்த்தர் குறைப்படுவதாக எசேக்கியேல் 43 சொல்கிறது. அந்தக் குறையிலிருந்தே நிலைமை தெரிகிறது.

சுற்றிலும் இருந்த உலகத்தையும் மறக்க முடியாது. எகிப்தில் பார்வோன் ஹோரஸ் தெய்வத்தின் உருவம், சூரியக் கடவுள் ராவின் மகன். மெசொப்பொத்தாமியாவின் அக்காத் நாட்டு ராஜா நராம்-சின் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தெய்வங்களுக்கே உரிய கொம்புக் கிரீடத்தோடு தன்னைக் கல்லில் செதுக்கிக்கொண்டான். அந்தக் கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கானான் பக்கமே இருந்த உகாரித் நகரின் பலகைகளில் கிர்தா என்ற ராஜா, ஏல் தெய்வத்தின் மகன் என்று அழைக்கப்படுகிறான். எருசலேம் மட்டும் இதிலிருந்து முழுக்க விலகி நின்றது என்பதை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேதுரு

சங்கீதம் 45இல் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். "தேவனே, உம்முடைய தேவன் உமது தோழரைப் பார்க்கிலும் உம்மை ஆனந்த தைலத்தினால் அபிஷேகம்பண்ணினார்." அந்த ராஜாவுக்கு மேலே ஒரு தேவன் இருக்கிறார், பக்கத்தில் தோழர்கள் இருக்கிறார்கள்.

கிர்தாவைச் சொன்னதும் நல்லதாயிற்று. அந்தக் கதையில் கிர்தா நோயில் படுக்கிறான், தெய்வங்களும் சாகுமா என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள். இந்த மாதிரி ஒரு கேள்வி எருசலேமில் எழவே இல்லை. தாவீது கிழவனாகிப் போர்வை போட்டும் அனல் கொள்ளாமல் நடுங்குகிறார், பிறகு சாகிறார், புதைக்கப்படுகிறார். யாரும் ஆச்சரியப்படவில்லை. யூதாவின் எந்த ராஜாவுக்கும் கோயில் கட்டிப் பலி செலுத்தியதாக வேதம் சொல்லவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி 2 இராஜாக்கள் 5இல் இருக்கிறது. சீரியாவின் படைத்தலைவன் நாகமானுக்குக் குஷ்டம். அவனைக் குணமாக்கும்படி சீரியா ராஜா இஸ்ரவேல் ராஜாவுக்குக் கடிதம் அனுப்புகிறான். படித்ததும் இஸ்ரவேல் ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கேட்கிறார்: "கொல்லவும் உயிர்ப்பிக்கவும் நான் தேவனா?" தேவன் யார், தான் யார் என்று அந்த ராஜாவுக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது.

குமாரன் என்ற உறவைப் பற்றியும் ஒன்று. தீர்க்கதரிசி நாத்தான் மூலம் தாவீதுக்கு வந்த வாக்கு 2 சாமுவேல் 7இல் இருக்கிறது. நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான் என்று சொன்ன கையோடு வருவது, அவன் அக்கிரமம் செய்தால் மனுஷருடைய மிலாற்றால் தண்டிப்பேன் என்பது. பிரசங்கம் செய்தவர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். பிள்ளை என்பதால்தான் அடி விழும் என்கிறது மறுபாதி.

ஏட்டுச்சுவடி

இருவருமே வேதத்தை ஒரே காலத்தில் எழுதியது போலப் பேசுகிறீர்கள். எப்போது, எந்த நெருக்கடியில் எழுதினார்கள் என்பதைச் சேர்த்தால்தான் இது பிடிபடும்.

1 சாமுவேலுக்குள்ளேயே இரண்டு குரல் கேட்கிறது. 8ஆம் அதிகாரத்தில் ராஜா கேட்டது பாவம். 9ஆம் அதிகாரத்தில் கர்த்தரே சாமுவேலிடம், என் ஜனத்தின் கூக்குரல் என்னிடம் வந்தது, பெலிஸ்தரிடமிருந்து அவர்களை மீட்க ஒருவனை அனுப்புகிறேன் என்கிறார். கழுதை தேடிவந்த சவுலின் தலையில் எண்ணெய் வார்க்கப்படுகிறது. வெல்ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த இரண்டையும் வெவ்வேறு மரபுகளாகப் பிரித்தார். எங்கே கோடு போடுவது என்பதில் இன்றும் சண்டை உண்டு. ஆனால் இரண்டு குரல் இருப்பதை மறுப்பவர்கள் குறைவு.

உபாகமத்துக்கு வருகிறேன். கி.மு. 672இல் அசீரிய ராஜா எசரத்தோன், தனக்குப் பின் மகன் அஷூர்பனிபால் பட்டத்துக்கு வர வேண்டும் என்று கீழிருந்த நாடுகளிடம் சத்தியம் வாங்கினான். அந்த உடன்படிக்கையின் பலகைகள் நிம்ருதிலும், பின்னர் தெல் தாயினாத்திலும் கிடைத்தன. யூதாவின் மனாசே எசரத்தோனுக்குக் கீழ்ப்பட்ட ராஜாவாக அவன் கல்வெட்டிலேயே பெயர் குறிக்கப்பட்டவன். உடன்படிக்கை என்ன சொல்கிறது? உன் சகோதரனோ மகனோ மகளோ ராஜாவுக்கு எதிராகப் பேசினால் மறைக்காதே. மீறினால் வரும் சாபங்களின் பட்டியல் பின்னால் நீளுகிறது. உபாகமம் 13ஐத் திறந்து பாருங்கள். உன் சகோதரனோ மகனோ மகளோ வேறு தேவர்களிடம் போகலாம் என்றால் மறைக்காதே. 28இல் சாபப் பட்டியல். அசீரிய ராஜா தனக்குக் கேட்ட முழு விசுவாசத்தை இந்த நூல் கர்த்தருக்கு மட்டும் கேட்கிறது. உலகத்தின் மிகப் பெரிய சிங்காசனத்தைக் காலி செய்துவிட்டு, அங்கே எந்த மனுஷனும் உட்கார முடியாதபடி செய்கிறது.

அதனால்தான் உபாகமம் 17இன் ராஜாவுக்குப் படை நடத்தும் வேலை இல்லை, வரி வாங்கும் வேலை இல்லை. கடினமான வழக்குகள்கூட ஆசாரியரிடமும் நியாயாதிபதியிடமும் போகின்றன. ராஜாவுக்கு மிச்சம் இருப்பது வாசிப்பு.

இன்னொன்றும் முக்கியம். பாபிலோன் ராஜா ஹமுராபி தன் சட்டக் கல்லின் உச்சியில் நீதித் தெய்வம் ஷமாஷின் முன்னால் தானே நிற்கிறான். சட்டம் அவன் பெயரில் வருகிறது. வேதத்தின் சட்டத் தொகுப்பு ஒன்றுகூட ராஜாவின் பெயரில் இல்லை. எல்லாம் மோசே வழியாக, ராஜாக்களே இல்லாத வனாந்தரத்தில் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பிரதேசத்தில் இது பெரிய துணிச்சல்.

களிமண்பலகை

சட்டத்துக்கு ஒரு விலக்கு உண்டு. போருக்குப் போனவனுக்கும் சாமான்களைக் காத்தவனுக்கும் கொள்ளையில் சம பங்கு என்று தாவீது விதித்ததை இஸ்ரவேலில் நிலையான பிரமாணமாக வைத்தார்கள் என்று 1 சாமுவேல் 30 சொல்கிறது.

ஆனால் என் முக்கியமான வாதம் வேறு. நீங்கள் காட்டும் உபாகமம், யூதா ராஜா யோசியாவின் காலத்தில், கி.மு. 622 வாக்கில் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்டதாக 2 இராஜாக்கள் 22 சொல்லும் நூலோடு தொடர்புள்ளது என்பது பல அறிஞர்களின் முடிவு. அதற்கு முந்தைய ராஜாக்கள் எப்படி நடந்தார்கள்? தாவீது ஆசாரியரின் சணல்நூல் ஏபோத் என்ற உடையை உடுத்திக்கொண்டு உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் ஆடினார், பலியிட்டார், ஜனங்களை ஆசீர்வதித்தார். அவருடைய மகன்கள் ஆசாரியர்களாயிருந்தார்கள் என்று 2 சாமுவேல் 8இன் எபிரெய மூலம் சொல்கிறது. 1 நாளாகமம் 18 அதே இடத்தில் அவர்களை ராஜாவின் பிரதான அதிகாரிகள் என்று மாற்றிவிடுகிறது. ஆகாஸ் தமஸ்குவில் பார்த்த பலிபீடத்தைப் போல ஒன்று கட்டச் சொல்லித் தானே அதில் ஏறிப் பலியிட்டான்.

உசியாவையும் பாருங்கள். அவனுக்குக் குஷ்டம் வந்ததை 2 இராஜாக்கள் 15 காரணம் சொல்லாமல் ஒரு வசனத்தில் முடிக்கிறது. நாளாகமம்தான், ஆலயத்தில் தூபங்காட்டப் போனான், எண்பது ஆசாரியர்கள் தடுத்தார்கள், அங்கேயே நெற்றியில் குஷ்டம் புறப்பட்டது என்று விரிக்கிறது. ராஜாவின் புனிதத்தைப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அப்படிக் குறைத்த பிறகு உள்ள நூல். அதற்குப் பிறகும் சங்கீதம் 2, 45, 110 மிஞ்சியிருக்கின்றன என்றால் முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்?

கேதுரு

அந்தக் கொள்ளைப் பங்கை விதித்தபோது தாவீது ராஜாவே இல்லை. சவுல் உயிரோடு இருந்தார். சிக்லாகில் அறுநூறு பேரோடு அலைந்த காலம் அது.

ராஜா பலியிட்டதை ஒத்துக்கொள்கிறேன். பலியிடுகிறவன் வேறு, பலி வாங்குகிறவன் வேறு. இந்த வித்தியாசத்தை நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். எண்பது ஆசாரியர்கள் ஒரு ராஜாவை வழிமறித்தார்கள் என்று எழுத முடிந்த சமூகம் அது. இதற்கு ஈடான ஒரு காட்சியை எகிப்தின் கோயில் சுவர்களில் காட்டுங்கள்.

பூர்வபாதை

நான் அறிஞன் இல்லை, வயதானவன், வேதத்தை விசுவாசத்தோடு படிக்கிறவன். ஒரு கவலையைச் சொல்ல வேண்டும்.

அதிகாரத்தையே ஆபத்து என்று பேசுகிறீர்கள். ராஜா இல்லாத காலத்தை நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்களில் படித்தீர்களா? கிபியாவில் ஒரு லேவியனின் மறுமனையாட்டிக்கு இரவெல்லாம் நடந்த கொடுமை, அதற்குப் பின் பென்யமீன் கோத்திரமே அழியும் அளவுக்கு உள்நாட்டுப் போர், அப்புறம் பெண்களைத் தூக்கிக்கொண்டு போவது. அந்தப் புஸ்தகத்தின் கடைசி வசனம்: "அந்நாட்களில் இஸ்ரவேலில் ராஜா இல்லை, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்து வந்தான்." அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்க ஒரு வாசல் இல்லாமல் போனதே, அதுதான் ராஜா இல்லாத நிலை.

சங்கீதம் 72இன் ராஜா கூப்பிடுகிற எளியவனை விடுவிக்கிறான், அவர்களுடைய இரத்தம் அவன் பார்வைக்கு அருமையாயிருக்கும். எருசலேம் விழுந்தபின் புலம்பல் 4:20 ராஜாவை எங்கள் நாசியின் சுவாசம் என்கிறது. ஜனங்கள் அவன் நிழலில் பிழைப்போம் என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை அடிமைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேதுரு

ஐயா, அந்தப் பெண்ணின் வாசல் பற்றி நீங்கள் சொன்னது சரி. ராஜா வந்த பிறகு அந்த வாசல் திறந்ததா என்பதுதான் என் கேள்வி. சாலொமோன் நாட்டைப் பன்னிரண்டு பிரிவாக்கி, மாதத்துக்கு ஒன்றாக அரண்மனைச் சாப்பாட்டுச் செலவை அவற்றின் மேல் வைத்தார். லீபனோனில் மரம் வெட்ட முப்பதினாயிரம் பேரை, மாதம் பதினாயிரமாக, கட்டாய வேலைக்கு அனுப்பினார். அவர் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்குங்கள் என்று கேட்டார்கள். என் தகப்பன் உங்களைச் சவுக்குகளால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று பதில் வந்தது. கட்டாய வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த அதோராமை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள், பத்துக் கோத்திரம் பிரிந்துபோனது.

சங்கீதம் 72ஐ நானும் நேசிக்கிறேன். அந்த அளவுகோலை ராஜாவிடம் எடுத்துப்போய் நீட்டியவர் தீர்க்கதரிசி எரேமியா. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி விசாலமான வீடு கட்டுகிறாயே, உன் தகப்பன் யோசியா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அப்படிச் செய்வதல்லவா என்னை அறிகிற அறிவு என்று யூதா ராஜா யோயாக்கீமிடம் கர்த்தர் பேரில் கேட்டார். யோயாக்கீம் எரேமியாவின் சுருளை வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான்.

நெல்லைவாசகி

பிரசங்கத்தில் சொன்ன வசனத்தைத் தேடிப் பார்த்தேன். சங்கீதம் 105இல் இருக்கிறது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்று கர்த்தர் யாரிடம் சொல்கிறார் தெரியுமா? ராஜாக்களிடம். யாரைத் தொடாதே என்கிறார்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு போலச் சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்த கொஞ்சப் பேரை. பலமில்லாதவர்களைக் காப்பாற்ற அதிகாரத்துக்குச் சொன்ன வார்த்தை இன்று நேர் எதிராக உபயோகமாகிறது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

எங்கேதி குகையையும் திரும்பப் படித்தேன். தாவீது சவுலைக் கொல்லவில்லை, உண்மை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, என்னிடம் என்ன குற்றம் கண்டீர், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுவே நியாயம் விசாரிப்பார் என்று நேருக்கு நேர் கேட்கிறார். கொல்லக் கூடாது என்பதும் கேட்கக் கூடாது என்பதும் ஒன்றல்ல.

களிமண்பலகை

அந்த வாசிப்பை ஏற்கிறேன். ஆனாலும் ராஜாவின் புனிதம் வெறும் பேச்சு இல்லை, உயிரை வாங்கக்கூடிய சட்டம் என்பதற்கு நாபோத் சாட்சி. யெஸ்ரயேலில் இஸ்ரவேல் ராஜா ஆகாபின் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த திராட்சத்தோட்டத்தை, பிதாக்களின் சுதந்தரம் என்று சொல்லி அவன் விற்க மறுத்தான். ஆகாபின் மனைவி யேசபேல் அவனை மாட்டிவிட்ட குற்றச்சாட்டு, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பது. இரண்டு பெயரும் ஒரே குற்றத்தில். ஊர்ப் பெரியவர்கள் அதை ஏற்றுக் கல்லெறிந்தார்கள். பொய்ச்சாட்சி என்பது சரி. ஆனால் அப்படி ஒரு குற்றம் சட்டத்தில் இல்லாமல் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்காது.

ஏட்டுச்சுவடி

சட்டம் இருந்தது, யாத்திராகமம் 22:28. அந்தச் சட்டத்தை வைத்துக் கொன்ற ராஜாவிடம் தீர்க்கதரிசி எலியா போய், கொலைசெய்து சுதந்தரித்துக்கொண்டாயோ என்று கேட்டதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. என் பார்வையில் இந்த மரபின் மையம் இங்கேதான். அபிஷேகம் பெற்றவர் ஒருவர், அவரைக் கண்டிக்கிறவர் இன்னொருவர். தாவீதுக்கு நாத்தான், ஆகாபுக்கு எலியா, யோயாக்கீமுக்கு எரேமியா. நெல்லைவாசகி கேட்ட பிரசங்கத்தில் அந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். ராஜாவின் தொடக்கூடாத தன்மையையும் எடுத்துக்கொள்கிறார், தீர்க்கதரிசியின் வாயையும் எடுத்துக்கொள்கிறார். அப்படி ஒருவரை ராஜாக்களின் காலத்து வேதத்தில் நான் பார்க்கவில்லை.

பூர்வபாதை

தம்பி, நாற்காலி இரண்டாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தீர்க்கதரிசி எலிசா அனுப்பிய ஆள், யெகூ என்ற படைத்தலைவனை ராஜாவாக்க அவன் தலையில் எண்ணெய் வார்த்தான். அந்த எண்ணெயின் பலத்தில் யெகூ இரண்டு ராஜாக்களைக் கொன்றான். ஆகாபின் பிள்ளைகள் எழுபது பேரின் தலைகளை யெஸ்ரயேல் வாசலில் குவித்தான். பிற்பாடு ஓசியா முதல் அதிகாரத்தில் அந்த யெஸ்ரயேலின் இரத்தத்துக்குக் கர்த்தரே பழி கேட்கிறார். எண்ணெய்க் கொம்பைப் பிடித்த கையும் பயப்பட வேண்டிய கைதான்.

ஏட்டுச்சுவடி

ஆமாம் ஐயா. அந்த யெகூவோ அவனுடைய தூதனோ அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் காலடியில் விழுந்து கிடப்பதைக் கருப்பு ஸ்தூபியில் செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 841இன் கப்பம் அது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் சொன்னதோடு 1 இராஜாக்கள் 22ஐயும் சேர்க்க வேண்டும். ராமோத் கீலேயாத்தின்மேல் போருக்குப் போகலாமா என்று இஸ்ரவேல் ராஜா கேட்டபோது, ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் போங்கள், ஜெயம் உங்களுக்கே என்றார்கள். இம்லாவின் குமாரன் மிகாயா ஒருவர்தான் வேண்டாம் என்றார். அவரை ராஜா ஏற்கனவே வெறுத்தார், என்னைக் குறித்து நன்மையாக ஒருபோதும் சொல்வதில்லை என்று வாய்விட்டே சொல்கிறார். மிகாயாவுக்குக் கன்னத்தில் அறை, சிறை, கொஞ்ச அப்பம், கொஞ்சத் தண்ணீர். ராஜா வேஷம் மாறிப் போயும் யாரோ குறி பார்க்காமல் எய்த அம்பு கவசத்தின் இடுக்கில் பட்டுச் செத்தார்.

நெல்லைவாசகி

அடுத்த வேதபாட வகுப்புக்கு இந்த 22ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கணக்கு கேட்டவர்களும் அந்த வகுப்புக்கு வருகிறவர்கள்தான். 2 நாளாகமம் 18இலும் இதே சம்பவம் இருக்கிறது. அங்கே, அந்தப் போருக்கு உடன்போன யூதா ராஜா யோசபாத்தின் பங்கு எப்படி வித்தியாசப்படுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். களிமண்பலகை, சங்கீதம் 110 பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்கள். அதில் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.